இருபத்தேழு ஒத்திகையும் ஒரு சாட்சியும்

ஒத்திகைக்கூடம் அந்த விபத்தை இருபத்தேழு தடவை ஓட்டிப் பார்த்தது. இருபத்தேழு தடவையும் பதில் மாறவில்லை. நிறுத்தச் சொன்ன செய்தி எட்டு மில்லிவினாடியில் கிரேனைச் சேர்ந்திருக்கிறது. வலையமைப்பில் குற்றம் இல்லை. ஆகவே ஓட்டுநரின் கைதான் பிந்தியது.

ஓட்டுநரின் பெயர் ஜெனோவா கர்வாலோ. முப்பத்தொரு வயது. தூத்துக்குடியைத் தாண்டி, திருச்செந்தூர் சாலையில் இருக்கும் வெண்கரை முனையத்தில் கிரேன் ஓட்டுகிறவள். கிரேன் ஓட்டுகிறவள் என்றதும் நூறடி உயரத்தில் ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது. கப்பல் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஏசி அறையில், ஆறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து நெம்புகோலை அசைப்பாள். அங்கே முப்பது டன் பெட்டி ஏறும், இறங்கும். அவள் கைக்கும் கிரேனுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் கம்பிகளும், எந்தச் செய்தி எந்தக் கம்பியில் முதலில் போகவேண்டும் என்று வழிவிடும் சுவிட்ச்சுகளும்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டிகளைக் கம்பி போட்டுப் பிணைக்கும் சுயம்புலிங்கம் என்ற தொழிலாளி, இறங்கிக்கொண்டிருந்த பெட்டிக்கு அடியில் வந்துவிட்டார். ஜெனோவா பார்த்தாள். சிவப்புப் பொத்தானை அடித்தாள். பெட்டி இறங்கிவிட்டது. சுயம்புலிங்கத்துக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"பாத்த உடனே அடிச்சேன்" என்பது ஜெனோவாவின் வாக்குமூலம். அதை யாரும் பொய்யென்று சொல்லவில்லை. படித்தால்தானே சொல்வதற்கு! ஒத்திகைச் சான்றுச் சட்டம் வந்து ஒன்பது வருடமாகிறது. அதற்கு முன்பு இயந்திர விபத்து வழக்கு என்றால் பத்து வருடம் இழுத்தடிக்கும். முதலாளி ஒரு நிபுணரைக் கூட்டி வருவார், தொழிற்சங்கம் இன்னொரு நிபுணரைக் கூட்டி வரும், இருவரும் எதிரெதிராகச் சத்தியம் செய்வார்கள். இப்போது அந்த வம்பே இல்லை. விபத்து நடந்த வலையமைப்பைக் கணினிக்குள் அப்படியே கட்டி எழுப்பி, அன்றைய செய்திகளை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தால் போதும். ஒரு மாதத்தில் தீர்ப்பு. மனிதர்கள் சொன்னதெல்லாம் கோப்பின் கடைசியில் 'இணைப்பு' என்ற தலைப்பில் தூங்கும்.

அந்தச் சான்றில் கையெழுத்துப் போட்டவள் வெண்கரை ஒத்திகைக்கூடத்தின் தலைமைச் சான்றாளர் பிரம்மசக்தி. நாற்பத்து நான்கு வயது. வாய் கொஞ்சம் துடுக்கு, வேலையில் கறார். அவள் கூடத்தில் சுவிட்ச் என்று தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது. எல்லாம் இமேஜ்தான். சுவிட்ச்சின் இரும்புப் பெட்டிக்குள் ஓடும் மென்பொருளை மட்டும் உருவி எடுத்துக் கணினிக்குள் ஓடவிட்டால் அதற்குப் பெயர் இமேஜ். அதே கட்டளை, அதே பதில், அதே பெயர். ஆயிரம் சுவிட்ச் வேண்டுமென்றாலும் டீ ஆறுவதற்குள் கட்டி நிறுத்திவிடலாம். மாநிலத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில், ஆஸ்பத்திரியாகட்டும் ரயில் சிக்னலாகட்டும், வலையமைப்பில் ஒரு வரியை மாற்றவேண்டுமென்றாலும் முதலில் அவள் கூடத்தில் ஒத்திகை பார்த்துத்தான் மாற்றுவார்கள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. இருக்காதா பின்னே?

வெள்ளிக்கிழமை காலை அவள் வேலைக்கு வந்தபோது வாசலில் ஜெனோவா நின்றிருந்தாள். அழுவாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்துப் பிரம்மசக்தி மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் வண்டியை நிறுத்தினாள். ஜெனோவா அழவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் சொன்னத நீங்க படிச்சியளா?"

பிரம்மசக்தி வண்டியிலிருந்து சாவியை எடுத்தாள். படித்தேன் என்று பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"படிக்கல" என்றாள்.

"திங்கக்கிழமை விசாரணை. மூணு வருஷம் உள்ள போட்டுருவாவளாம். போறது போறேன். நீங்க ஒரு தடவ படிச்சுட்டாவது அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு ஜெனோவா பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

சட்டப்படி மூன்று தடவை ஓட்டினால் போதும். இருபத்தேழு தடவை ஓட்டியதே ஏதோ உறுத்தியதால்தான் என்பது பிரம்மசக்திக்கு அப்போதுதான் உறைத்தது. அறைக்குப் போய் இணைப்பைத் திறந்தாள். ஜெனோவாவின் வாக்குமூலம் அரைப் பக்கம். அதற்கு அடியில் சுயம்புலிங்கத்தினுடையது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னது, நாலே வரி. மூன்றாவது வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

சுயம்புலிங்கத்துக்கு ஐம்பது வயது இருக்கும். கட்டிலில் சாய்ந்து மாதுளையை உரித்துக்கொண்டிருந்தார். தன்னை அறிமுகம் செய்துகொண்டு பிரம்மசக்தி நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, பெட்டி நின்னுதுன்னு சொல்லியிருக்கிய."

"நின்னுதுல்லா! தலைக்கு மேல ரெண்டு முழம் இருக்கும்போது நின்னுட்டு. அப்பாடா, புள்ள பாத்துட்டுன்னு நெனச்சேன். நகரலாம்னு கால எடுத்து வைக்கேன், மறுபடி எறங்கிட்டு. பொறவு மறுபடி நின்னுட்டு. அதுக்குள்ள காலு போயிட்டு."

"நல்லாத் தெரியுமா? நின்னுது, எறங்குச்சு, மறுபடி நின்னுது?"

"மேடம், நான் முப்பது வருஷமாப் பெட்டிக்கு அடியில நிக்கவன். அது எப்ப நிக்கும், எப்ப எறங்கும்னு எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? போலீஸ்ட்டயும் சொன்னேன். மிஷின் அப்படிச் சொல்லலியேன்னு சொல்லிட்டாவ." மாதுளை முத்துகளை உள்ளங்கையில் தட்டிக்கொண்டார். "அந்தப் புள்ள மொகத்த நான் பாத்ததுகூட இல்ல. ஆனா கை பிந்துனவ மொதல்ல எப்படி நிறுத்துவா? அத மட்டும் எனக்குச் சொல்லுங்க."

இருபத்தேழு ஒத்திகையில் ஒன்றில்கூடப் பெட்டி இரண்டு தடவை நிற்கவில்லை.

கூடத்துக்குத் திரும்பியவள் நேராக நிர்வாகி அய்யாத்துரையின் அறைக்குப் போனாள். அய்யாத்துரை நல்ல மனுஷர். நாற்பத்து மூன்று ஊழியர்களின் குடும்ப விவரமும் அவருக்கு அத்துப்படி. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. போன ஆயுத பூசையன்று எடுத்தது. முனையத்தின் மையச் சுவிட்ச்சுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, பக்கத்தில் எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். மாலைக்கு நடுவே சிறு திரையில் எண்: 2,190 நாள். அன்றுவரை ஆறு வருடமாக ஒரு நொடிகூட அணையாமல் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஆயுத பூசைக்குக் கிரேன், லாரி, பளு தூக்கி எல்லாவற்றையும் நிறுத்தி ஓய்வு கொடுப்பார்கள். அந்தச் சுவிட்ச்சை மட்டும் நிறுத்தமாட்டார்கள். அதற்கு 'அணையா விளக்கு' என்று பட்டப்பெயர்கூட உண்டு. வருடா வருடம் எண்ணைப் படம் பிடித்து மாட்டுவதில் முனையத்துக்கும் கூடத்துக்கும் ஒரே போட்டி.

பிரம்மசக்தி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளிறியது.

"என்னம்மா, ஒடம்புக்கு முடியலியா?" என்றார் அய்யாத்துரை.

"அண்ணாச்சி, நம்ம இமேஜுக்கு வயசு என்ன?"

"இது என்ன கேள்வி? தெனமும் புதுசா ஏத்துதோம்."

"அதான். ஒவ்வொரு ஒத்திகைக்கும் குளிச்சு முழுகி வந்த மாதிரி புத்தம் புது இமேஜ். அங்க ஓடுனது ஆறு வருஷக் கிழடு. ரெண்டும் ஒண்ணுன்னு நாம கையெழுத்துப் போட்டிருக்கோம்."

அய்யாத்துரை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "புரியும்படியாச் சொல்லு."

"இரும்புச் சுவிட்ச்சுக்குள்ள ஒரு சிப் இருக்கு. எந்தச் செய்தி மொதல்ல போவணும்கிற விதியெல்லாம் அதுலதான் உக்காரணும். அதுல எடம் கொஞ்சந்தான். ஒரு விதியச் சேத்து, நீக்கி, மறுபடி சேத்தா, நீக்குனதோட துண்டு துணுக்கு அங்கனயே கெடக்கும். வீட்டக் காலி பண்ணினவங்க பரண்ல சாமான விட்டுட்டுப் போற மாதிரி. ஆறு வருஷத்துல ரெண்டாயிரத்து முந்நூத்துப் பதினாறு மாத்தம் பண்ணியிருக்கோம். எல்லாத்தையும் இங்க இமேஜ்ல ஒத்திகை பாத்துட்டு. இமேஜுக்குச் சிப்பே கெடையாது அண்ணாச்சி. எடம் நெறயுறதுன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது."

"அப்ப அந்தச் சுவிட்ச்சையே திறந்து பாத்துரலாமே?"

பிரம்மசக்தி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"முடியாது. விபத்தன்னைக்கு ஓடிப்போயி, மொத வேலையா அத ரீஸ்டார்ட் பண்ணினது நான்."

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற எவரும் செய்யக்கூடியதுதான். ஏதாவது ஒன்று கோளாறு என்றால் கை தானாகப் போய் அணைத்துப் போடும். அணைத்துப் போட்டதும் சிப் சுத்தமாகத் துடைக்கப்பட்டு, விதிகளெல்லாம் வரிசையாக, சௌகரியமாக இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். குற்றம் நடந்த வீட்டைக் கழுவி, கோலம் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"ஸ்டோர்ல அதே மாடல்ல ஒரு ஸ்பேர் இருக்கு" என்றாள். "ஆறு வருஷத்து மாத்தம் எல்லாத்தையும் பதிவேட்டுல உள்ள வரிசையிலேயே ஒண்ணு விடாம அதுல ஏத்துதேன். ஒரு நாள்ல முடியும். நடுவுல அணைக்கக்கூடாது, அவ்வளவுதான். கடைசியில அன்னைக்குள்ள செய்திய ஓடவிட்டா தெரிஞ்சுபோகும்."

அய்யாத்துரை கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சக்தி, நீ சொல்லுதது நெசம்னு வச்சுக்குவோம். அப்ப இந்த ஒரு கேஸு மட்டுமா போவும்? இருநூத்துப் பன்னெண்டு எடத்துல நம்ம சான்றத்தானே நம்பிட்டு இருக்காவ. கூடத்த இழுத்து மூடணும். நாப்பத்து மூணு குடும்பம். அது போவட்டும், ஒத்திகையே வேண்டாம்னு ஆயிட்டா, ஆஸ்பத்திரிக்காரன் நாளைக்கு எத நம்பிக் கைய வைப்பான்? நம்ம கூடம் காப்பாத்துன உசுரு எத்தனன்னு ஒனக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் இன்னும் பயமா இருக்கு."

"ஸ்பேர் சீலு வச்சது. ஒடைக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"எனக்கும் இல்ல. பதிவேட்டுல என் பேர எழுதிட்டு ஒடைக்கேன்."

அவர் தடுக்கவில்லை. ஸ்டோர் வாசலில் நின்று அவள் சீலை உடைப்பதைப் பார்த்தார். "எழுதும்போது நேரத்தையும் எழுது" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தாள். ஒத்திகைக்கூடத்தில் ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு இரும்புப் பெட்டி விசிறிச் சத்தத்தோடு ஓடியது. ஒரு மாற்றத்துக்குப் பதினேழு வினாடி. அவளே எழுதிய நிரல் பதிவேட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டியது. ஒவ்வொன்றுக்கும் அந்தச் சுவிட்ச் 'ஏற்கப்பட்டது' என்று சமர்த்தாகப் பதில் சொன்னது. பத்து மணிக்கு இரண்டாம் வருடம் தாண்டியது. பன்னிரண்டரைக்கு மூன்றரை வருடம். இரண்டு மணிக்கு ஒரு கம்பி தளர்ந்து திரையில் மஞ்சள் எச்சரிக்கை மின்னியது. கம்பியைச் சரியாகச் செருகினாள். மஞ்சள் போகவில்லை. கை போய்...

விசிறிச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி எழுந்தது.

என்ன செய்துவிட்டோம் என்பது அந்த நிசப்தத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. ரீஸ்டார்ட் செய்திருந்தாள். யோசிக்கவே இல்லை. இருபது வருடப் பழக்கம் அவளைக் கேட்காமலே விரலை நகர்த்தியிருந்தது. நாலு வருடத்துத் துண்டு துணுக்கெல்லாம் துடைத்தெடுத்தாற்போல் போய்விட்டன. தன் கையையே ஓங்கி மேசையில் அடித்தாள். வலித்தது. ஆத்திரத்தில் அழுகை வந்தது, அழுதாள். அழுது முடித்ததும் ஜெனோவாவுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு இங்க வா. ஒனக்கு ஒரு வேலை இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசையைக்கூட விட்டுவிட்டு ஜெனோவா வந்தாள். பிரம்மசக்தி நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னாள். விபத்தன்று சுவிட்ச்சை ரீஸ்டார்ட் செய்ததையும் சேர்த்து. ஜெனோவாவின் முகம் இறுகியது.

"அப்ப என்னயக் காப்பாத்த இருந்த ஒரே தடயத்த நீங்களே அழிச்சிட்டியளா?"

"ஆமா. நேத்து ரெண்டாவது தடவையும் அழிச்சேன். இன்னைக்கு அழிக்கவிடாமப் பாத்துக்கிடத்தான் ஒன்னயக் கூப்பிட்டேன். இந்தப் பொத்தான் பக்கம் என் கை போனா, பிடிச்சு இழுத்துரு. மரியாதையெல்லாம் பாக்காத."

அப்படி ஒரு வேலையை யாரும் யாருக்கும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஜெனோவா நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கும் அவளுக்கும் நடுவே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கிரேன் ஓட்டுகிற கண் அல்லவா, இமைக்கக்கூட யோசித்தது. காலையில் ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் பிரம்மசக்தியின் கை தன்னையறியாமல் நீண்டது. இரண்டு தடவையும் பளாரென்று அடி விழுந்தது. இரண்டாவது அடிக்கு இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. அய்யாத்துரை சத்தமில்லாமல் வந்து இரண்டு பொட்டலம் எலுமிச்சை சாதத்தை வைத்துவிட்டு, நின்று பார்த்துவிட்டுப் போனார்.

மாலை ஐந்து மணிக்கு 2,316 முடிந்தது. சுவிட்ச்சின் மறுமுனையில் கிரேனுடைய கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றை மாட்டி, அதில் ஒரு விளக்கை இணைத்திருந்தாள். கிரேன் பெட்டியை இறக்கினால் பச்சை எரியும். சும்மா நின்றால் விளக்கு அணையும். நிறுத்தச் செய்தி வந்துவிட்டால் சிவப்பு.

"அன்னைக்கு நீ அனுப்புன செய்தியும், கேமரா அனுப்புனதும் எல்லாம் இப்ப ஓடும். பாரு" என்றாள்.

பச்சை எரிந்தது. அணைந்தது. ஜெனோவா மூச்சுவிட வாயைத் திறந்தாள். மறுபடி பச்சை எரிந்தது. முழுதாக ஒரு வினாடிக்கு மேல் எரிந்தது. பிறகு சிவப்பு.

ஜெனோவா எழுந்து அந்தச் சின்ன விளக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க்கா ரெண்டு தடவ?"

"நிறுத்துற செய்திக்குத் தனி வழி இருக்கணும். அந்த விதி சிப்புல உக்காரல. எடமில்லாம வெளிய நின்னுட்டு. அதனால ஒன் செய்தியெல்லாம் கேமராப் படக் கூட்டத்துக்குப் பின்னால மாட்டிக்கிட்டு. கொஞ்ச நேரம் ஒண்ணுமே வராததால கிரேன் தானா நின்னுட்டு. அதத்தான் அவரு பாத்தாரு. கூட்டம் வெலகுனதும், நீ முன்னால 'எறக்கு'ன்னு சொன்ன பழைய செய்தி மொதல்ல வந்து சேந்துட்டு. அது எறங்கிட்டு. அதுக்குப் பின்னாலதான் ஒன் சிவப்புப் பொத்தான் வந்துருக்கு. ஒன் கை பிந்தல ஜெனோவா. ஒரு வினாடி நானூறு மில்லிவினாடி பிந்துனது இது."

ஜெனோவா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மூன்று வாரமாக அவளே அவளைச் சந்தேகப்பட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. நான்தான் தூங்கிட்டனோ, நான்தான் தூங்கிட்டனோ என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டாளாம்.

அவளை அழவிட்டுப் பிரம்மசக்தி திரும்பவும் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். எந்த மாற்றத்தில் இடம் தீர்ந்தது என்று தெரியவேண்டும். சிப்பில் உண்மையிலேயே என்னென்ன உட்கார்ந்திருக்கிறது என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. இமேஜில் அதைக் கேட்டால் 'இந்த வசதி இல்லை' என்று வரும்; அதனால் கூடத்தில் எல்லோரும் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நிரல் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதைக் கேட்டுக் குறித்து வைத்திருந்தது. ஆறு வருடமாக இருந்த நிறுத்த விதி, 2,291-ஆம் மாற்றத்தில் காணாமல் போயிருந்தது. விபத்துக்குப் பத்தொன்பது நாள் முந்தியது. முனையத் தலைவரின் பிறந்தநாளுக்கு வரவேற்பறைத் திரையில் கிரேன் காட்சி தெரியவேண்டும் என்று ஒரு கேமராவைச் சேர்த்த மாற்றம். வழக்கப்படி விதிப்பட்டியல் முழுவதையும் நீக்கிவிட்டுத் திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். வழக்கப்படி நிறுத்த விதி கடைசி வரியில் இருந்திருக்கிறது. முக்கியமானது கடைசியில் இருந்தால்தான் கண்ணில் படும் என்று அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே பிரம்மசக்திதான். ஒரு வரி கூடிப்போனதால் கடைசி வரிக்கு இடமில்லை. சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் நாலே நிமிடத்தில் ஒத்திகை பார்த்துச் சான்று கொடுத்திருந்தாள். அடியில் அவள் கையெழுத்து அழகாக இருந்தது.

அதை அச்செடுத்து, மற்ற காகிதங்களோடு வைத்தாள். பிறகு வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, கையாலேயே ஒரு கடிதம் எழுதிப் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை விசாரணை பத்து மணிக்கு. விசாரணை அதிகாரி கோதண்டபாணி சென்னைக்காரர், நிதானமானவர், எதையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார். பிரம்மசக்தி எல்லாவற்றையும் சொல்ல முக்கால் மணி நேரம் கொடுத்தார். 2,291-இல் இருந்த கையெழுத்து யாருடையது என்பதையும், ரீஸ்டார்ட் செய்தது யார் என்பதையும் அவர் கேட்காமலே அவள் சொன்னாள்.

"அப்போ இந்தக் குற்றச்சாட்டு உங்க மேல திரும்பும். தெரியும் இல்லையா?"

"தெரியும் சார்."

அவர் காகிதங்களை அடுக்கி வைத்தார். உண்மையாகவே வருத்தப்பட்ட முகத்தோடு சொன்னார்: "மேடம், நான் உங்களை நம்பறேன். ஆனா சட்டத்துல இதுக்கு இடமில்ல. எந்த எதிர்ச்சான்றா இருந்தாலும் அங்கீகாரம் உள்ள ஒத்திகைக்கூடத்துல ஓட்டி உறுதியாகணும். அதாவது உங்க கூடத்துல, உங்க இமேஜ்ல. அங்க ஓட்டினா எட்டு மில்லிவினாடின்னுதானே வரும்?"

"வரும் சார். நூறு தடவ ஓட்டுனாலும் அதான் வரும்."

"அப்போ நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

"கூடத்துக்கு அங்கீகாரம் இருக்கிற வரைக்கும் உங்களால ஒண்ணும் பண்ண முடியாது சார்." பிரம்மசக்தி பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். "அந்த அங்கீகாரம் தலைமைச் சான்றாளரோட உறுதிமொழியிலதான் நிக்குது. ஒன்பது வருஷமா, இமேஜும் இரும்பும் ஒண்ணுதான்னு வருஷா வருஷம் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். அந்த உறுதிமொழிய இன்னைக்கு வாபஸ் வாங்குதேன். மொத வருஷத்துல இருந்து."

பின்வரிசையில் அய்யாத்துரை கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் எழுந்து ஆட்சேபிக்கவில்லை. கோதண்டபாணி கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இதை நான் வாங்கிட்டா உங்க கூடம் இந்த நிமிஷத்துலேர்ந்து இல்ல. இருநூத்துப் பன்னெண்டு இடத்துலயும் வேலை நிக்கும். உங்க வேலை போகும். யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சுட்டேன். இரும்ப வச்சு ஒத்திகை பாக்குற வேற கூடம் கட்டலாம் சார். நாளாகும், இத்தனை வேகம் வராது. ஆனா கட்டலாம்."

அவர் பேனாவை எடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டார். பிறகு கோப்பைப் புரட்டி, கடைசியில் இருந்த இணைப்பை எடுத்து முன்னால் வைத்தார். ஒத்திகைச் சான்று இல்லாத கோப்பில் இப்போது மிஞ்சியிருந்தது மனிதர்கள் சொன்னது மட்டும்தான். சுயம்புலிங்கத்தின் நாலு வரியை வாய்விட்டு வாசித்தார். ஜெனோவாவின் அரைப் பக்கத்தையும் வாசித்தார். ஜெனோவா கர்வாலோ மேல் நடவடிக்கை இல்லை என்று எழுதி முடிக்க அவருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. ஜெனோவா ஓடிவந்து பிரம்மசக்தியைக் கட்டிக்கொண்டாள்.

கூட்டம் கலையும்போது கோதண்டபாணி பிரம்மசக்தியை மட்டும் நிறுத்தினார். அவர் முகம் ஒரு மணி நேரத்தில் வயதாகிப்போயிருந்தது. உதவியாளரிடமிருந்து ஒரு தாளை வாங்கி அவளிடம் கொடுத்தார்.

"உங்க கூடத்துச் சான்றை மட்டும் வச்சுத் தண்டனை ஆன கேஸ். இப்பதான் எடுக்கச் சொன்னேன். பதினாலு பேர். அதுல மூணு தீர்ப்பு நான் எழுதினது. எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லியிருக்காங்க. நான் சரியாத்தான் செஞ்சேன், மிஷின்தான் கேக்கலன்னு." தாளில் அந்த மூன்றையும் விரலால் காட்டினார். "பன்னெண்டு பேர் கேஸைத் திரும்ப எடுக்க இன்னிக்கே எழுதிடறேன். நீங்கதான் வந்து எப்படிப் பாக்கறதுன்னு சொல்லித் தரணும். குற்றவாளிக் கூண்டுலேர்ந்து சொன்னாலும் சரி."

"பதினாலுன்னு சொன்னியளே?"

"ரெண்டு பேர் இப்ப இல்ல மேடம். ஒருத்தர் ஜெயில்லயே போயிட்டார். இன்னொருத்தர் தீர்ப்பு வந்த மறுநாள், வீட்டுல... அதையெல்லாம் திரும்ப எடுத்து யாருக்கு என்ன ஆகப்போகுது?"

பிரம்மசக்தி தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு பெயர்களையும் தேடினாள். இரண்டுக்கும் எதிரே சிறு புள்ளி வைத்திருந்தார்கள். இரண்டு சான்றிலும் கையெழுத்துப் போட்டது எந்த நாற்காலியில் உட்கார்ந்து, எந்தப் பேனாவால் என்பதுகூட அவளுக்கு நினைவு வரவில்லை.

"அவங்க வீட்டுல ஆள் இருப்பாங்கல்லா சார்?" என்றாள். "மொதல்ல இந்த ரெண்டையும் எடுப்போம்."